இடப்பக்கம் மலை

மஞ்சள் பைக்குள் இருக்கிறது என் கால்.
மூன்று எக்ஸ்ரே. இரண்டுக்கு உறை உண்டு.
உறை தொலைந்த ஒன்றை
ஐப்பசி மழையில் பாப்பா எடுத்து
ஜன்னல் சந்தில் செருகி வைத்திருந்தாள்.
தொடை எலும்பு ஒட்டிய இடத்தில்
சாரல் பட்டு ஒரு வெள்ளை வட்டம்.
டாக்டர் அதையும் வியாதி என்று நினைக்கட்டும்.

ஆதாரில் பாவாயி.
ரேஷன் கார்டில் பாவாய்.
பழைய சீட்டில், கம்பவுண்டர் அவசரத்தில், பவானி.
மூன்று பேருக்கும் சேர்த்து
ஒரு கால்தான் குட்டை.

போன வருடம் முப்பத்தெட்டு போட்டார்கள்.
கணக்குப் பரீட்சையில்கூட
அவ்வளவு வாங்கியதில்லை நான்.
அங்கே முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.
இங்கே நாற்பது.
"நாற்பதுக்குக் கீழே எதுவும் நடக்காதும்மா"
என்றார் மேசைக்காரர்.
நான் நடந்து வெளியே வந்தேன்.
அதுதான் தப்பாம்.
அப்படி நடந்திருக்கக் கூடாதாம்.

பக்கத்து லயன் வெள்ளையம்மா
விரல் மடக்கிச் சொல்கிறாள்:
ராத்திரி மாத்திரை போடாதே,
விடியலிலும் போடாதே.
பெஞ்சு காலியா இருந்தாலும் நின்னுக்கிட்டே இரு,
கூப்பிடுற நேரத்துக்குத் தானா இழுக்கும்.
தலைக்குப் பூ வேண்டாம்.
பூவுக்குமா சதவீதம் என்றேன்.
"இருக்கு" என்றாள், சிரிக்காமல்.

முழு உருவப் படம் வேண்டும்,
குறை தெரியும்படி.
ஒண்டிக்கடைப் பக்கத்து ஸ்டூடியோவில்
சேலையைக் கொஞ்சம் தூக்குங்கக்கா என்ற பையன்
கேமராவைத் துடைக்க ஆரம்பித்தான்.
துடைத்துக்கொண்டே இருந்தான்.
பின்னால் அதே நீல அருவி,
கல்யாணப் படத்தில் இருப்பது.
அன்றைக்கு இரண்டு காலும்
பட்டுக்குள் சும்மா இருந்தன.

இன்றிரவு வீட்டுக்குள் நொண்டிப் பார்க்கிறேன்.
அடுப்பிலிருந்து கதவுக்கு ஆறு தப்படி.
வேண்டுமென்று நொண்டினால்
நல்ல கால்தான் நொண்டுகிறது.
செங்கோடன் பார்த்தான்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
சில்வர் ஓக்கில் சாத்திய ஏணி சறுக்கி
மிளகுக் கொத்தோடு நான் கிடந்தபோது
ஒரு நொடி திருப்பாத முகம் அது.

அந்தப் பலகைக்கு முன்னால் உட்காருகிற மூன்று டாக்டர்களுக்கு
இதை எப்படிச் சொல்வது?
காலையில் காட்டுக்குப் போகும்போது
மலை எனக்கு இடப்பக்கம்.
குறைகிற ஒன்றரை அங்குலத்தை
மண்ணே கொடுத்துவிடும்.
அப்போது பார்க்க வேண்டும் என்னை.
தலையில் குடம் வைத்தாலும் சிந்தாது.
புதுசாய் வந்த மேஸ்திரி
ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்,
அதுவும் சாயங்காலத்தில்.

சாயங்காலம் மலை வலப்பக்கம் வந்துவிடும்.
கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும்,
அதற்கு மேல் ஒன்றரை வட்டி.
மூன்று அங்குலம் சரிந்து சரிந்து
ஒவ்வொரு காப்பிச் செடியின் கையையும் பிடித்து
நான் வந்து சேர்வதற்குள்
லயனில் விளக்குப் போட்டிருப்பார்கள்.

ஆஸ்பத்திரித் தரை டைல்ஸ்.
கீழே சேலத்தில் எல்லாம் சமம்.
அந்தச் சமத்தில் நான் முப்பத்தெட்டு.
இங்கே, காலையில் சுழி.
மாலையில் எண்பது இருக்கும்,
யாரும் அளக்க வருவதில்லை.
வாருங்கள் என்று ஒரு மனு எழுதலாமா?
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாத்திரை ஒன்றை நாட்காட்டித் தாளில் மடித்து
உறைக்குள் எலும்போடு வைத்தேன்.
இறங்கும்போது வேண்டாம்.
திரும்ப ஏறும்போது போட்டுக்கொள்ளலாம்.

முதல் பஸ் கிளம்பும்போது
தோட்டமெல்லாம் பனி.
இருபது வளைவு.
வளைவுக்கு வளைவு மலை பக்கம் மாறும்.
செங்கோடன் பையை ஜன்னல் வழியாக நீட்டினான்.
நேற்று ராத்திரியிலிருந்து பேசாதவன்
இதை மட்டும் சொன்னான்:

அவங்க நடக்கச் சொன்னா
உன் நடையே நட.